ஏரிக்கரைக் கோரையும் இலத்தீன் ஏட்டிலே ஒரு தமிழ்ச் சொல்லும்

பிழைப்பை நாடி எல்லை கடந்து அத்திபெலேயில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பாயில்லாத வீடு ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. கட்டிலும் மெத்தையும் வந்து சேர்ந்த பின்னரும், கதவுக்குப் பின்னாலோ பரணின் மேலோ சுருட்டி வைத்த கோரைப்பாய் ஒன்று இருக்கவே காண்கிறோம். ஊரிலிருந்து வரும் உறவினர்க்கு அதனையே விரிக்கிறோம். பிள்ளைக்குப் பெயரிடும் நாளிலும் அதனையே விரிக்கிறோம். ஆயினும், அப்பாய் எச்செடியினால் ஆயது, அச்செடி எங்கே முளைக்கிறது, அதனைக் கண்டால் அடையாளம் காட்ட இயலுமா என்று எவரேனும் வினவினால், நம்மிற் பலர் வாய் திறவோம். சென்ற ஆண்டு வரையில் நாங்களும் அந்நிலையிலேயே இருந்தோம். அந்த அறியாமையினால் விளைந்த ஒரு தவற்றையும், அதன் பயனாக நாங்கள் தேடித் தெரிந்துகொண்ட ஒரு சிறு வரலாற்றையும் இம்மலரில் பதிந்து வைத்தல் கடமையெனக் கருதுகிறோம்.

நம் குடியிருப்புக்கு அருகே உள்ள ஏரியைத் தூய்மை செய்ய வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது அன்பர்களுக்கு நினைவிருக்கும். கரையோரத்துப் புல் பூண்டு யாவற்றையும் அகற்றிக் கரையைக் கல்லால் கட்டி நடைபாதை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர்கள் நாங்களே. வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெற்றவர்களும் நாங்களே. 'புதர் இருந்தால் கொசு வரும், பாம்பு வரும்' என்று நாங்கள் சொன்னதை எவரும் மறுக்கவில்லை. சில திங்கள் சென்றபின் ஒரு நாள் காலையில் மண்வாரி எந்திரம் வந்தது. இரண்டே நாளில் மேற்குக் கரை முழுவதும் வழித்தெடுக்கப்பட்டது. நாங்கள் மகிழ்ந்தோம்.

மறுநாள் மாலை எங்களுடன் உலாவ வந்த மூதாட்டியார் ஒருவர், கரைமேல் மலைபோற் குவிந்து கிடந்த பச்சைத் தாள்களைக் கண்டு நின்றுவிட்டார். இவர் பத்தமடைக்கு அடுத்த சிற்றூரிலே பிறந்து, இளமையில் கோரை அறுத்தும் கிழித்தும் பழகியவர். மகன் வீட்டோடு இங்கு வந்து வாழ்பவர். எங்கள் பிள்ளைகள் யாவர்க்கும் இவர் ஆச்சி. "ஏய்யா, கோரையையா இப்பிடி அள்ளிப் போடுதாங்க?" என்றார். "புல்தானே ஆச்சி" என்று எங்களுள் ஒருவர் விடை பகர்ந்தார். "புல்லும் கோரையும் ஒண்ணாய்யா?" என்று கேட்டு, குவியலிலிருந்து ஒரு தாளை உருவி, இரு விரலுக்கிடையே வைத்து உருட்டிக் காட்டினார். உருளவில்லை, மூன்று பட்டையாக நின்று இடறியது.

செடிநூலார் முதற்பாடமாகச் சொல்லுவதும் அதுவே என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டையானது, மூங்கிலிற் காண்பதுபோல் கணுக்கள் உடையது, கணுவிடை உள்ளீடற்றது. கோரையின் தாள் பெரும்பாலும் முப்பட்டையானது. கணுவின்றி ஒரே நீட்டாக எழுவது. உள்ளே வெண்மையான நெட்டிபோன்ற சோறு நிறைந்தது. புல்லின் இலைகள் இரு வரிசையாய் அமையும். கோரையின் இலைகள் மூவரிசையாய்ச் சுற்றியெழும். புல்லில் இலையுறை ஒருபுறம் பிளந்திருக்கும்; கோரையில் அது குழாய்போல் மூடியிருக்கும். இவ்வளவையும் ஒரு தாளை உருட்டியே ஆச்சி உணர்த்திவிட்டார். உலகில் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் 5,000-க்கும் மேற்பட்டவை. பண்டை எகிப்தியர் ஏடு செய்த பாப்பிரசும், நம் வயல்களில் உழவரை வருத்தும் கோரைக்கிழங்கும் அக்குடும்பத்தில் ஒரே இனத்தொகுதியின் உறுப்பினரே.

ஆனால் ஆச்சி அத்துடன் நிற்கவில்லை. குவியலைக் கிளறிப் பார்த்து, "இதுல முக்காலும் பாய்க்கோரை இல்லை, இந்தா, இந்தக் கைப்பிடிதான் அது" என்று வேறொரு கற்றையைப் பிரித்தெடுத்தார். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அன்றிரவே எங்களிடையே வழக்குத் தொடங்கிற்று. 'நூலிற் காணாததை எவ்வாறு ஏற்பது' என்றார் ஒருவர். 'அறுத்த கைக்குத் தெரியாதது நூலுக்குத் தெரியுமா' என்றார் மற்றொருவர். இருவரும் ஒருவாறு சரியே என்று பின்னர் விளங்கியது.

கோரைக்குத் தமிழில் உள்ள பெயர்களை முதலிற் காண்போம். சங்கத் தொகை நூல்களில் 'சாய்' என்பது கோரையைக் குறிக்கும். நெய்தல், மருத நிலத்துச் சிறுமியர் பசுங்கோரையைக் கிழித்துப் பாவை செய்து விளையாடினர். அதனைப் 'பைஞ்சாய்ப் பாவை' என்று புலவர் வழங்கினர். மரப்பாவைக்கும் மண்பாவைக்கும் பக்கத்திலே கோரைப்பாவையும் இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர் நம் சிறுமியர் கையில் இருந்தது. பிற்காலத்தில் வழங்கும் 'பஞ்சாய்க் கோரை' என்பதும் அப்பழஞ்சொல்லின் எச்சமே. கோரைக்கிழங்கைச் சித்த மருத்துவர் 'முத்தக்காசு' என்பர். ஈழத்துத் தமிழர் பாய் முடையும் கோரையைப் 'பன்' என்றே வழங்குவர். 'பன்பாய்' அங்கு நாள்வழக்குச் சொல். இந்தப் 'பன்' என்னும் சொல்லை அன்பர்கள் மனத்தில் இருத்துக. பின்னர் அதற்கு வேலை இருக்கிறது.

இனித் தரங்கம்பாடிக்குச் செல்வோம். 1620-இல் டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழ் அச்சு அங்கு வளர்ந்ததும் நாம் பள்ளியிற் படித்தவை. அதே ஊர் தென்னாட்டுச் செடிநூலுக்கும் தொட்டிலாக விளங்கியது என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. 1768-இல் யோகான் கெரார்டு கேனிக் என்னும் மருத்துவர் அங்குள்ள சமயத் தொண்டர்க்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். செடிகட்கு இரு சொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு லின்னேயசின் மாணாக்கர் இவர். மருந்து கொடுத்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம் காவிரிக் கழிமுகத்து வாய்க்கால்களிலும் குளங்களிலும் செடி திரட்டினார். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி ஐரோப்பியப் புலவர்கட்கு அனுப்பினார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் ஆங்கிலக் கம்பெனியாரிடமும் பணிபுரிந்து, 1785-இல் காக்கிநாடா அருகே உயிர்நீத்தார்.

அவர் அனுப்பிய செடிகள் கோபனேகனில் கிறிஸ்டன் ஃபிரீஸ் ராட்போல் என்னும் பேராசிரியரின் கைக்குச் சென்றன. ராட்போலுக்குப் புல்லும் கோரையும் தனி விருப்பம். பிறர் அழகிய மலர்களைத் தேடி ஓடியபோது, பூவென்று சொல்லத்தக்க இதழே இல்லாத இவற்றை அவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். 1773-இல் அவர் படங்களுடன் வெளியிட்ட நூலில் ஒரு கோரைக்குச் 'சைப்பிரஸ் பங்கோரை' என்று பெயரிட்டார். முதற்சொல் கிரேக்கத்திலிருந்து வந்த குலப்பெயர். இரண்டாம் சொல்லைப் படித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. இலத்தீன் நூலுக்குள், இலத்தீன் இலக்கண உடையைக்கூட உடுக்காமல், 'கோரை' என்னும் நம் சொல் அப்படியே அமர்ந்திருக்கிறது!

முன்னுள்ள 'பங்' யாது? பாய் என்பதன் திரிபாக இருக்கலாம் என்றார் எங்களுள் ஒருவர். ஈழத்தார் வழங்கும் 'பன்' என்னும் சொல்லோடு கோரை சேர்ந்து 'பன்கோரை' ஆயிற்று என்பதே பொருத்தமாக எங்களுக்குப் படுகிறது. தரங்கம்பாடிக் கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே ஒரு நாள் தோணிப் பயணந்தான். அங்கு வழங்கிய சொல் இங்கும் வழங்கியிருத்தல் வியப்பன்று. புலவர் பெருமக்கள் வேறு கருத்துடையராயின் அடுத்த மலரில் எழுதுக. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. கேனிக் அக்கோரையைப் பிடுங்கியபோது அருகில் நின்ற ஒருவரை 'இதன் பெயர் என்ன' என்று கேட்டிருக்கிறார், அவர் சொல்லியிருக்கிறார். அவர் உழவரோ, பாய் முடைவோரோ, மாடு மேய்க்கும் சிறுவரோ, அறியோம். அவர் சொன்ன சொல் கோபனேகன் சென்று, இன்றும் உலகெங்கும் உலர்செடி நிலையங்களில் எழுதப்படுகிறது.

அக்காலத் தரங்கம்பாடியில் செடிநூல் ஆர்வலர் ஒரு குழுவாகவே இருந்தனர். அவருள் ராட்லர் 1776-இல் வந்தவர். செடி திரட்டிய கையாலேயே தமிழ்ச் சொற்களையும் திரட்டினார். அவருடைய தமிழ் அகராதி 1834 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. முழுதும் அச்சேறுமுன் 1836-இல் அவர் மறைந்தார். பெஞ்சமின் ஹைனே என்பவரோ நம் பெங்களூர் வரலாற்றுக்கே உரியவர். 1799-இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னர் மைசூர் நில அளவைக்கு மெக்கன்சியுடன் வந்த செடிநூலறிஞர் இவரே; ஐதர் அலி தொடங்கிய லால்பாக் இவர் பொறுப்பில் சில காலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அத்தோட்டத்துக்கும் தரங்கம்பாடிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

வடக்கே வங்காளத்தில் ராக்ஸ்பர்க் இதே கோரையைக் கண்டு, பாய்க்குரியது என்னும் பொருளில் வேறோர் இலத்தீன் பெயர் சூட்டினார். 1820-இல் அச்சான அவர் நூலில் அது காணப்படும். மேதினிபூர்ப் பகுதியில் இன்றும் அதனால் 'மாதுர்' என்னும் பாய் நெய்கின்றனர். இரண்டும் ஒரே இனம் எனக் கொண்டபோது, முந்திய பெயரே நிற்கும் என்னும் விதிப்படி தமிழ்ப் பெயர் நிலைத்தது. பின்னர் கியூ தோட்டத்துக் கிளார்க், ஹூக்கர் வெளியிட்ட இந்தியச் செடிநூலின் ஆறாம் தொகுதியில், 1890-களில், இந்தியக் கோரைகள் அனைத்தையும் வரிசைப்படுத்தினார். காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணச் செடிநூலில், அவர் மறைவுக்குப் பின் பிஷர் கோரைப் பகுதியை 1931-இல் முடித்தார். பெங்களூர் மாவட்டச் செடிகளை இராமசாமி, இராஜி என்னும் இருவர் 1973-இல் தொகுத்தனர். இந்நூல்களின் துணையோடுதான் நாங்கள் மீண்டும் ஏரிக்குச் சென்றோம்.

சென்றவர் எழுவர், ஆச்சி தலைமை. அத்திபெலேயின் நிலத்தோற்றத்தை அன்பர்கள் அறிவர். ஆனேக்கல் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் பழைய எல்லையாக இருந்து, 1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோதும் எல்லையாகவே நின்றுவிட்ட ஊர் இது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஓசூர். பேராறு ஏதும் இல்லை. மேட்டு நிலத்தில் பெய்யும் மழையை ஏரிக்கு மேல் ஏரியாகத் தேக்கி, மிகுநீரைக் கிழக்கே தென்பெண்ணைப் பக்கம் விடுவது முன்னோர் வகுத்த முறை. மடிவாளத்தில் உள்ள 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழ்ப்பட்ட நிலங்களைக் குறிப்பதை ஈண்டு நினைவுகூரலாம். இந்நாட்டில் ஏரி என்பது எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே நிலத்துக்கு முகவரியாக இருந்தது. அத்தி என்ற மரப்பெயர் கன்னடத்துக்கும் தமிழுக்கும் பொதுவாயிருப்பதுபோல், ஏரி என்ற சொல்லும் இரு மொழியிலும் உண்டு. கன்னடத்தில் அது கரையைக் குறிக்கும், நீர்நிலையைக் 'கெரே' என்பர். எங்களுடன் வந்த கன்னட நண்பர் உயர்ந்த கோரையையும் சம்பையும் ஒருசேர 'ஜொண்டு' என்றும், கோரைக்கிழங்கைக் 'கொன்னாரி' என்றும் கூறினார்.

முதலில் நாங்கள் பெருமையுடன் சுட்டியது சம்பு. பழுப்பு நிறமாய் உருளைக்கட்டைபோல் கதிர் நிற்கும் அதனைக் கோரையென மயங்காதார் அரியர். அது வேறு குடும்பம். அடுத்து, பூங்காவின் ஓரத்தில் குடை விரித்தாற்போல் அழகாக நின்றது. முப்பட்டைத் தாள், கோரைதான். ஆனால் அது ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து அழகுக்காகக் கொணர்ந்த குடைக்கோரை. உள்ளூர்க் கோரையைப் பிடுங்கி எறிந்த இடத்துக்கு அருகிலேயே, விலை கொடுத்து வாங்கிய அயற்கோரை நீர் ஊற்றி வளர்க்கப்படுவதைக் கண்டு ஆச்சி சிரித்தார், நாங்கள் சிரிக்கவில்லை.

தெற்குக் கரையில் ஆளுயரக் கோரை அடர்ந்திருந்தது. பொன்னிறக் கதிர்க்கொத்து, நீண்ட, ஓரம் சொரசொரப்பான இலைகள். இதுவே பாய்க்கோரை என்று நூல்வல்லார் முடிவு கட்டினார். "இம்புட்டு இலை இருந்தா எப்பிடிய்யா பாய் முடைய?" என்று ஆச்சி மறுத்தார். நூலைப் புரட்டினோம். அது 'எக்சல்டேட்டஸ்' என்னும் வேறு இனம். வயல் வரப்பில் சிறு பந்துபோல் கதிர் திரண்டது 'டிஃபார்மிஸ்'; நெல்லுக்குக் களை. சேற்றில் நின்ற மற்றொன்றுக்கு இலையே இல்லை. பூங்கொத்து தண்டின் நடுவே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பாய்க்கன்று.

இறுதியாகக் கிழக்கு மூலையில், மழைநீர் ஓடை ஏரியுள் புகும் வாயில், ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அங்கே இருந்தது. மெலிந்த நெடிய தாள், அடியில் இலைக்கு மாறாகப் பழுப்பு உறைகளே, உச்சியில் பூங்கொத்து, அதன் கீழே அதனினும் நீண்ட இரண்டு மூன்று பச்சைப் பூவடியிலைகள், செம்பழுப்பான மெல்லிய சிறுகதிர்கள். தரைக்கீழ்த் தண்டு ஊர்ந்து ஊர்ந்து வரிசையாகத் தாள்களை எழுப்பியிருந்தது. நூலைப் பார்த்தோம், படத்தைப் பார்த்தோம், ஆச்சியைப் பார்த்தோம். மூன்றும் ஒத்தன. இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் பெயர் பெற்ற பங்கோரை அது. பத்தமடைக் கோரையைச் சில நூல்கள் இவ்வினம் என்றும், சில இதனை ஒத்த 'கொரிம்போசஸ்' என்னும் இனம் என்றும் கூறும். ஆச்சிக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை.

அது ஏன் அம்மூலையில் மட்டும் நின்றது என்பதே முக்கியம். இக்கோரை ஆழ்நீரிலும் வாழாது, வறண்ட மேட்டிலும் தழைக்காது. மழைக்காலத்தில் கணுக்கால் முழங்கால் அளவு நீரும், கோடையில் ஈரம் மாறாத களிமண்ணும் உள்ள சரிவே அதற்கு வீடு. நீர் ஏறுவதும் இறங்குவதுமாகிய அந்த அகன்ற விளிம்பு ஏரிக்கு உண்டு, தொட்டிக்குக் கிடையாது. கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் அடுக்கிய அன்றே ஏரி தொட்டியாகிவிடுகிறது. கோரைத் தாளின் உள்ளிருக்கும் காற்றறைகள் வழியே உயிர்வளி சேற்றிலுள்ள வேருக்கு இறங்குகிறது. வேர்த்தொகுதி வண்டலைத் தடுத்து நிறுத்துகிறது. அதனடியில் மீன்குஞ்சும் தும்பியின் புழுவும் வளர்ந்து கொசுப்புழுவைத் தின்கின்றன. நீலத்தாழைக்கோழி கூடுகட்டுவதும் இத்தகைய அடர்த்தியிலேதான். கொசுவுக்கு அஞ்சி நாங்கள் கோரையை அகற்றச் சொன்னோம். கொசுக்களிற் பெரும்பாலானவை பெருகுவது தேங்கிய சாக்கடை நீரில்; அச்சாக்கடை இன்றும் ஏரிக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. அருகிலுள்ள சந்தாபுரம் ஏரி மாசுற்றது குறித்து, 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கருநாடக அரசு ரூபாய் 500 கோடி செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. அவ்வளவு பெரிய தொகையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்த நாங்கள், நம் ஏரியில் இலவசமாகத் துப்புரவு செய்துகொண்டிருந்ததைப் பிடுங்கச் சொல்லிக் கையொப்பம் வாங்கியிருந்தோம்.

கிழக்கு மூலையையும் வழிக்கும் திட்டம் முதல் விண்ணப்பத்திலேயே உண்டு, எங்கள் கையெழுத்துத்தான். ஆகவே இரண்டாம் விண்ணப்பம் ஒன்றைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினோம். முன்பு கையொப்பமிட்ட வீடுகட்கே மீண்டும் சென்றோம். 'அன்று வெட்டச் சொன்னீர், இன்று வெட்டாதே என்கிறீர். எதுதான் உங்கள் கருத்து?' என்று பலர் கேட்டனர். கேட்கத் தக்க கேள்விதான். சிலர் மீண்டும் இட்டனர், சிலர் மறுத்தனர். இம்மலர் அச்சுக்குப் போகும் வரையில் விடை வரவில்லை, எந்திரமும் வரவில்லை.

கோரை பூத்தபின் அடியில் அறுத்தால் மீண்டும் தழைக்கும் என்பதால், ஆச்சி ஒரு கட்டு மட்டும் அறுத்து வந்தார். பத்தமடையில் கோரையைக் கிழித்து வெயிலில் உலர்த்தி, தாமிரவருணியின் ஓடும் நீரில் ஒரு வாரம் போல ஊறவைப்பர். அது பருத்து மென்மையுறும். பின்னர் மீண்டும் உலர்த்தி, மெல்லியதாக வகிர்ந்து, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் இட்டு நெய்வர். மிக நுண்ணியது பட்டுப்பாய் எனப்படும். அதனை நெய்பவர் பெரும்பாலும் லெப்பைக் குடும்பத்தார். நம் ஏரிநீரில் ஊறவைக்க ஆச்சி இசையவில்லை. முகர்ந்து பார்த்தே மறுத்துவிட்டார். குடியிருப்பின் மொட்டைமாடியில் நெகிழித் தொட்டியில் நீர் நிரப்பி, நாள்தோறும் மாற்றிப் பார்த்தார். ஓடாத நீராதலின் பாதி கறுத்து அழுகிற்று. எஞ்சிய பாதி பாய்க்குப் போதாது. பிள்ளைகள் அமரும் தடுக்கு ஒன்றுக்குப் போதும். சட்டத்தை நம் சங்கத்து அன்பர் ஒருவர் செய்து கொடுத்தார். மாலை வேளைகளில் நான்கு சிறுமியர் ஆச்சியின் பக்கத்தில் அமர்ந்து ஊடை கோத்துக் கொடுக்கின்றனர். ஆண்டு விழாவன்று அத்தடுக்கு மண்டப வாயிலில் வைக்கப்படும். நெசவு முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. ஓரம் கட்டுவது மட்டும் தம் வேலை, வேறெவரும் தொடலாகாது என்று ஆச்சி சொல்லிவிட்டார்.